ஸ்டோரி குவில்ட்: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

பெ.மு. எழுதியது:
நுண்கலை மாணவர் பாடநூலில் அமெரிக்க ஓவியர் ஃபெய்த் ரிங்கோல்டுக்கு (1930–2024) நான்கு பக்கம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'ஸ்டோரி குவில்ட்' என்பதை வரைவில் 'கதை மெத்தை' ஆக்கியிருக்கிறார்கள், படிக்கவே கூசுகிறது. குவில்ட் என்பது துணிகளை அடுக்கித் தைக்கும் படுக்கை விரிப்பு. ரிங்கோல்டின் ஸ்டோரி குவில்டின் அமைப்பு இது: நடுவே கேன்வாஸில் அக்ரிலிக் ஓவியம், சுற்றிலும் துண்டுத்துணிக் கரை, துணிப்பட்டைகளில் எழுதிய கதை, எல்லாம் பின்துணியோடு சேர்த்துத் தைத்தது. தன்வரலாற்றை வெளியிட ஆள் கிடைக்காத காலத்தில் துணியிலேயே எழுதத் தொடங்கினார். முதலாவது 1983இல்: விளம்பரங்களில் அடுப்படிப் பணிப்பெண்ணாக நின்ற ஆன்ட் ஜெமைமாவைத் தொழில் நடத்தும் முதலாளி ஆக்கினார்.

அ.ந. எழுதியது:
'துன்னற்படாம்'. பொருநராற்றுப்படையில் 'வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்' (தையல் போட்ட கந்தல்) இருக்கிறது. சிலம்பின் புகாரில் துன்னகாரரும் (தையற்காரர்) தோலின் துன்னரும் (தோல் தைப்பவர்) இருக்கிறார்கள். துன்னு என்றால் நெருங்கு, பொருந்து. படாம் என்பது துணி, திரை. அதே ஆற்றுப்படையில் யாழுக்குப் 'பொல்லம் பொத்திய பொதியுறு போர்வை' உண்டு. பொல்லம் என்பது இணைத்துத் தைப்பது. பொல்லத்தைப் பொத்தலோடு சேர்த்துப் பார்த்தால்...

க.ச. எழுதியது:
பொல்லம் வெள்ளிக்கிழமை தாண்டும் ஐயா. துன்னலுக்கு வருவோம். வடமொழியில் தையற்காரன் 'துன்னவாய'. தூய்மை பேசுபவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். அதைவிட, அந்தத் துன்னற் சிதாரை மன்னன் களைந்துவிட்டுத்தான் பொருநனுக்குப் புத்தாடை உடுத்துகிறான். களைந்து போட்ட கந்தலின் பெயரையா இதற்கு வைப்பது?

அ.ந. எழுதியது:
துன்னு தமிழ் வேர். கடன் எந்தப் பக்கம் போனது என்று யார் கண்டார்? கந்தலின் பெயர் வைப்பதில் இழிவும் இல்லை.

ம.தே. எழுதியது:
துணி வேலை தெரிந்தவர்கள் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. இங்கே மூன்று வேலைகள் ஒரே சொல்லில் குழம்புகின்றன. துண்டோடு துண்டை ஓரம் சேர்த்துத் தைப்பது ஒன்று. தையலுக்குக் கால் அங்குலம் விட வேண்டும். பத்து இணைப்பில் ஒவ்வொன்றிலும் ஒரு நூல் தவறினாலே கடைசி வரிசை கோணிக்கொள்ளும். துணிமேல் துணி வைத்துத் தைப்பது இரண்டாவது. தேரில் தொங்கும் துணித் தொம்பையில் இருப்பது அது, அதற்குத்தான் 'ஒட்டு' பொருந்தும். மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் ஊடுருவி ஓட்டுத்தையல் போடுவது மூன்றாவது. குவில்டைக் குவில்ட் ஆக்குவது இதுதான். தையல் வரிகளுக்கு இடைவெளி அதிகமானால் முதல் சலவையிலேயே பஞ்சு மூலைக்கு ஒதுங்கிக் கட்டி கட்டும். ஆகவே குவில்டை 'ஒட்டுப்போர்வை' என்றால் தவறு.

அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் ஊரில் குவில்ட் தைத்த பெண்களையும் ஒரு பெட்டிச் செய்தியில் சேருங்கள். 1942இல் கணவர் இறந்தபின் மிசௌரி பெட்வே அவருடைய வேலை உடுப்புகளைக் கொண்டே ஒன்று தைத்தார். இத்தகைய போர்வைகளில் முழங்கால் வெளிறியிருக்கும், பிரித்தெடுத்த பையின் இடம் மட்டும் பழைய நீலத்தில் நிற்கும். அந்த வட்டாரத்தில் 1966இல் ஃப்ரீடம் குவில்டிங் பீ கூட்டுறவு தொடங்கியது. 1972இல் சீயர்ஸ் கடை நிறுவனத்துக்குக் கார்டுராய் (வரிவரியாக மேடிட்ட துணி) தலையணை உறை தைக்கும் ஒப்பந்தம் வந்தது. ஒப்பந்த வேலையில் எல்லா உறையும் அச்சாக ஒன்றுபோல் இருக்க வேண்டும். மிச்சத் துண்டு வீட்டுக்கு வந்தபின் கோணலும் நேரும் அவரவர் இஷ்டம். கார்டுராயைத் திருப்பி வைத்தால் அதே நிறம் ஒரு படி இருண்டு தெரியும், அதையும் பயன்படுத்திக்கொண்டார்கள்.

க.ச. எழுதியது:
அப்படியானால் 'கதைப்போர்வை'. மூன்றாவது வேலைக்கு 'ஊடுதையல்'. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

அ.ந. எழுதியது:
சுவரில் தொங்குவது எப்படிப் போர்வை? ரிங்கோல்ட் 1972இல் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் துணிக்கரை வைத்த திபெத்தியச் சுருள் ஓவியங்களான தாங்காக்களைப் பார்த்துத்தான் ஓவியத்துக்குத் துணிக்கரை வைக்கத் தொடங்கினார். கரை தைத்துக் கொடுத்தவர் ஆடை வடிவமைப்பாளரான அவருடைய தாய் வில்லி போசி. சட்டம் இல்லாததால் சுருட்டித் தானே தூக்கிப் போகலாம், யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம். இது படாமேதான்.

ம.தே. எழுதியது:
கட்டிலில் விரிக்கும் பொருளைச் சுவரில் ஏற்றியதுதானே அவர் செய்த காரியம்? போர்வை என்ற சொல் இல்லாவிட்டால் அது தெரியாது. அவருடைய 1988இன் 'டார் பீச்' குவில்டில் சிறுமி கேஸி நியூயார்க்கின் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தின்மேல் பறக்கிறாள். அந்தப் பாலத்தைக் கட்டிய அப்பாவுக்குத் தொழிற்சங்கத்தில் இடமில்லை. இவ்வளவையும் தாங்குவது வீட்டுப் போர்வை வடிவம்.

பெ.மு. எழுதியது:
நால்வர் கதைப்போர்வை, ஒருவர் துன்னற்படாம், இருவர் குவில்ட் என்றே விடச் சொல்கிறார்கள். கதைப்போர்வை அச்சுக்குப் போகிறது. 'ஊடுதையல்' கலைச்சொல் பட்டியலில் சேரும்.

அ.ந. எழுதியது:
என் மறுப்பு பதிவாகட்டும். பஞ்சு வைக்காமல் தைத்ததையும் போர்வை என்பீர்களா? உள்பஞ்சுக்கு என்ன சொல் வைத்திருக்கிறீர்கள்?