புனைமொழியில் கூட்டுச்சொல் சிக்கல்: உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. ஒரு புனைமொழி (நாமே கற்பனையாக அமைக்கும் மொழி) உருவாக்கி வருகிறேன். 5 உயிர், 11 மெய். அசை அமைப்பு எளிதுதான்: ஒரு மெய், ஓர் உயிர், தேவைப்பட்டால் இறுதியில் இன்னொரு மெய். அந்த இறுதி இடத்தில் ன், ல், ஸ் மட்டுமே வரலாம்.

தனிச்சொற்கள் நன்றாக ஒலிக்கின்றன. சேர்க்கும்போதுதான் சிக்கல். 'தல்' என்றால் நீர், 'ரூமா' என்றால் பாதை. 'தல்ரூமா' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு இடறும்.

ஜப்பானிய மொழியில் ஆங்கிலச் சொல்லான மில்க் 'மிருகு' ஆவதுபோல் இடையில் உயிர் சேர்த்தால் 'தலுரூமா'. சரி, ஆனால் சொல் இழுக்கிறது. பொன்னும் குடமும் பொற்குடம் ஆவதுபோல் மெய்யைத் திரித்தால் 'தர்ரூமா'. எனக்கு இதுதான் மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் ர் அசையிறுதியில் வரக்கூடாது என்பது என் விதியாயிற்றே! அதோடு 'தன்' என்றால் மணல். அதுவும் ரூமாவோடு சேர்ந்து 'தர்ரூமா' ஆகிவிடும். நீர்வழியா மணல்வழியா என்று எப்படிப் பிரிப்பது?

இரட்டித்த மெய்க்கு மட்டும் விலக்கு தரலாமா? ன், ல் இரண்டுக்கும் வெவ்வேறு மெய்ம்மயக்க விதி (மெய்கள் அடுத்தடுத்து வரும்போதான விதி) வைக்கலாமா? இப்படி மொழி அமைத்துப் பார்த்தவர்கள், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று இரண்டு எடுத்துக்காட்டோடு சொன்னால் பேருதவியாக இருக்கும்.