பெர்ல் ரெகெக்ஸ்: சில ஹெச்டிஎம்எல் ஃபைல்களில் பத்தி வரவே மாட்டேன் என்கிறது

மாலைநிழல்
வணக்கம். கொஞ்சம் அவசரம். பழைய ஹெச்டிஎம்எல் ஃபைல்கள் 412 இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பத்தியைக் குறிக்கும் பி டேக்குக்குள் இருப்பதை மட்டும் எடுத்து டெக்ஸ்ட் ஃபைலாக்க வேண்டும். பெர்ல் மொழியில் ரெகெக்ஸ் (எழுத்துகளின் அமைப்பைத் தேடிப் பிடிக்கும் சூத்திரம்) எழுதினேன். சில ஃபைலில் சரியாக வருகிறது, சிலவற்றில் பாதிதான் வருகிறது, சிலவற்றில் ஒன்றுமே இல்லை. ரெகெக்ஸில் என்ன தப்பு? யாராவது சொல்லுங்கள்.

கரையோரம்
ரெகெக்ஸைப் போடவில்லையே நண்பரே, எதைப் பார்த்துச் சொல்வது? ஃபைலை எப்படிப் படிக்கிறீர்கள்? சரியாக வராத ஃபைல் ஒன்றில் நாலு வரி காட்டினால் பாதி வேலை முடிந்துவிடும்.

ஏழாம்வரி
இது கிரீடி (முடிந்தவரை நீளமாக அள்ளுவது) பிரச்சினைதான், பார்க்காமலே சொல்வேன். (.*) என்று போட்டிருப்பீர்கள். ஒரே வரியில் மூன்று பத்தி இருந்தால் முதல் டேக்கில் தொடங்கி மூன்றாவது பத்தியின் முடிவு வரை ஒரே துண்டாக அள்ளிக்கொண்டு வரும். (.*?) என்று மாற்றுங்கள், எங்கே முடிய வேண்டுமோ அங்கே நிற்கும்.

பழையகை
தம்பி, இந்தக் கேள்வி வாரத்துக்கு ஒன்று வருகிறது. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கம் வர வேண்டும். ஹெச்டிஎம்எல்லை ரெகெக்ஸால் பிரிக்கக் கூடாது. அட்ரிபியூட்டின் மேற்கோளுக்குள்ளேயே > குறி வரலாம், கமெண்டுக்குள் பழைய பத்தி ஒளிந்திருக்கலாம். அதை முறையாகப் பிரிக்கவே பெர்ல் மாட்யூல்கள் உண்டு: ஹெச்டிஎம்எல்::ட்ரீபில்டர் இருக்கிறது, மோஜோ::டாம் இருக்கிறது. அவற்றைக் கற்றுக்கொண்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.

எழுத்துரு
உள்ளே இருப்பது தமிழா? அப்படியானால் எழுத்துகள் &#2980;&#2990;&#3007;&#2996;&#3021; என்று எண்ணாக இருக்கலாம். அதுதான் "தமிழ்" என்ற சொல். நீங்கள் தமிழ் எழுத்தைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? ஒன்றுமே வராத ஃபைல்களில் இதுவாகத்தான் இருக்கும்.

மாலைநிழல்
மன்னிக்கவும், கோடு வேறு கணினியில் இருக்கிறது, போனில் தட்டுகிறேன். ஒய்ல் லூப்பில் ஒவ்வொரு வரியாகப் படித்து, அதற்குள் இஃப் போட்டு, பி டேக்குக்கும் மூடும் டேக்குக்கும் நடுவில் (.*?). கிரீடி இல்லை. பத்தி பல வரிக்கு நீளுகிறது என்பதால் எஸ் மாடிஃபையரும் (ரெகெக்ஸின் கடைசியில் சேர்க்கும் எழுத்து) போட்டேன். போட்டாலும் போடாவிட்டாலும் ஒரே மாதிரிதான். எண்ணாக இருப்பவை சில ஃபைலில் உண்டு, ஆனால் அவை வரத்தான் செய்கின்றன.

கரையோரம்
இதோ, கிடைத்துவிட்டது. புள்ளி சாதாரணமாக நியூலைனைத் தாண்டாது, எஸ் போட்டால் தாண்டும். அது சரி. ஆனால் நீங்கள் வரி வரியாகப் படிக்கும்போது ரெகெக்ஸின் கையில் இருப்பது ஒரே ஒரு வரி. திறக்கும் டேக் 14-ஆம் வரியில், மூடும் டேக் 17-ஆம் வரியில் என்றால் இரண்டும் ஒரே சரத்தில் (ஸ்ட்ரிங்) சேரவே இல்லை. எந்த மாடிஃபையர் போட்டும் பயனில்லை.

முழு ஃபைலையும் ஒரே மூச்சில் படியுங்கள். பெர்ல் எங்கே வரியை முறிக்க வேண்டும் என்று $/ என்ற வேரியபிளைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. ஒரு பிளாக்குக்குள் லோக்கல் $/; என்று மட்டும் எழுதினால் மதிப்பு காலியாகிவிடும், ஃபைல் முழுவதும் ஒரே சரமாக வரும். கமாண்ட் லைனில் என்றால் -0777.

இதோடு விட்டால் அடுத்த குழியில் விழுவீர்கள்: இப்போது ஃபைலுக்கு ஒரே சரம் என்பதால் இஃப் முதல் பத்தியோடு நின்றுவிடும். எல்லாப் பொருத்தங்களையும் தேடும் ஜி மாடிஃபையர் சேர்த்து, அந்த இஃபை ஒய்ல் ஆக்குங்கள். ஐ மாடிஃபையரும் இருக்கட்டும், பழைய ஃபைல்களில் டேக் பெரிய எழுத்திலும் இருக்கும். அப்புறம், பி-க்கு அடுத்து [^>]* போட்டிருந்தால் ப்ரீ (pre) டேக்கும் பாரம் (param) டேக்கும் பிடிபடும். நடுவில் சொல் எல்லைக் குறி (\b) ஒன்று வையுங்கள்.

பழையகை
ஒட்டுப் போடச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். ஹெச்டிஎம்எல் ரெகுலர் மொழி (எளிய விதிகளால் மட்டும் அமைந்த மொழி வகை) அல்ல. டேக்குக்குள் டேக் எத்தனை அடுக்கு போகும் என்று வரம்பு கிடையாது. மொழியியலாளர் சாம்ஸ்கி 1956-லேயே மொழிகளை வகை பிரித்துக் காட்டிவிட்டார். ரெகுலர் எக்ஸ்பிரஷனால் முடியாதது முடியாதது தான்.

ஏழாம்வரி
அது பாடப் புத்தகத்து ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்கு. பெர்ல் 5.10 வந்தது 2007-இல், அதிலிருந்து (?1) என்று எழுதினால் முதல் குரூப்பே (அடைப்புக்குறிக்குள் இட்ட பகுதி) தன்னைத் திரும்ப அழைக்கும். அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி எத்தனை இருந்தாலும் ஜோடி சேர்த்துவிடலாம். இதை ரெகுலர் என்று யார் சொன்னது?

பழையகை
எழுதலாம். ஆறு மாதம் கழித்து அதைப் படித்துத் திருத்தப்போவது யார்? வேறொருவர் எழுதிவிட்டுப் போன அப்படிப்பட்ட ரெகெக்ஸ்களைப் பிரித்து எழுதவே நான் பல இரவுகள் செலவழித்திருக்கிறேன். அந்த வலியில்தான் சொல்கிறேன்.

ஏழாம்வரி
அதை ஒப்புக்கொள்கிறேன். எக்ஸ் மாடிஃபையர் போட்டு இடைவெளி விட்டு, வரிக்கு வரி குறிப்பு எழுதினால் படிக்கலாம். எழுதாதவர்கள்தான் அதிகம்.

கரையோரம்
உலகத்தில் உள்ள எல்லா ஹெச்டிஎம்எல்லையும் அவர் பிரிக்கப் போவதில்லையே. கையில் 412 ஃபைல், இனிமேல் மாறாத ஃபைல்கள். முதலில் ஒன்றுமே வராத ஃபைல் ஒன்றைத் திறந்து பாருங்கள் மாலைநிழல். மூடும் பி டேக் இருக்கிறதா? ஹெச்டிஎம்எல்லில் அதை எழுதாமல் விடலாம், விதிப்படியே தப்பில்லை. அடுத்த பத்தி தொடங்கினாலே முந்தையது முடிந்ததாகக் கொள்ளப்படும். பிரவுசரில் அழகாகத் தெரியும், உங்கள் ரெகெக்ஸோ வராத மூடும் டேக்குக்காகக் காத்திருக்கும்.

எழுத்துரு
அந்த எண்களைத் தமிழாக்க ஹெச்டிஎம்எல்::என்டிட்டீஸ் மாட்யூலில் டிகோட் என்டிட்டீஸ் இருக்கிறது. ஒன்று மட்டும் கவனம்: படிக்கும்போதே யூடிஎஃப்-8 லேயர் (பைட்டுகளை எழுத்துகளாக மாற்றும் அமைப்பு) வைத்துத் திறங்கள், எழுதும் ஃபைலுக்கும் வையுங்கள். படிக்கும் பக்கம் விட்டுவிட்டால், ஃபைலில் நேரடியாக இருந்த தமிழ் வெறும் பைட்டுகளாகவே நிற்கும். எண்ணிலிருந்து மாறிய தமிழோடு அது ஒரே சரத்தில் கலந்ததும் உருக்குலைந்துபோகும். நான் ஒரு முறை இதில் இரண்டு நாள் தொலைத்தேன்.

மாலைநிழல்
$/ மாற்றியதும் 383 ஃபைல் முழுதாக வந்துவிட்டது. மீதி 29-இலும் மூடும் டேக் இல்லை, கரையோரம் சொன்னதேதான். அவற்றுக்கு மட்டும் மோஜோ::டாம் போட்டேன், பத்து வரியில் முடிந்தது. பழையகை ஐயாவுக்கும் நன்றி. கிளம்புகிறேன்.

பழையகை
நல்லது. அந்த 383-இலும் மூடும் டேக் சில இடங்களில் மட்டும் விடுபட்டிருக்கலாம். அப்போது இரண்டு பத்தி ஒன்றாக ஒட்டி வந்திருக்கும். அதே பத்து வரியை எல்லா ஃபைலிலும் ஓட்டி, பத்திகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஏழாம்வரி
எடுத்த பத்திக்குள்ளேயே திறக்கும் பி டேக் இருக்கிறதா என்று தேடினாலும் போதும்.

புதுவரவு
எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் டேபிள் கட்டத்துக்கான டிடி டேக். லோக்கல் $/; போட்டும் வரவில்லை. என்ன செய்வது?

கரையோரம்
கோடும் நாலு வரி ஹெச்டிஎம்எல்லும் போடுங்கள். டேபிளுக்குள் டேபிள் இருக்கிறதா என்றும் சொல்லுங்கள்.