பழைய வெபர் கிரில்லின் காற்றுத்துளை மூடியை எப்படி மாற்றுவது?

வணக்கம். சிகாகோ பக்கம் ஒரு வீட்டு வாசல் விற்பனையில் பழைய வெபர் கரி கிரில் (கரி போட்டு இறைச்சி வாட்டும் அடுப்பு) கிடைத்தது. 1952-இல் இந்த வகையை உருவாக்கிய ஜார்ஜ் ஸ்டீபன் கடல் மிதவைக் கோளத்தை இரண்டாக வெட்டிச் செய்தாரே, அதே உருண்டை வடிவம்தான். 22.5 அங்குலம். அடியில் மூன்று தனித்தனி காற்றுத்துளைகள், ஒவ்வொன்றுக்கும் பூப்போன்ற அலுமினிய மூடி. சாம்பல் தள்ளும் கைப்பிடி இல்லாத பழைய ரகம்.

கரி வைக்கும் கம்பித்தட்டு இற்றுப்போயிருந்தது. 17 அங்குலத்தில் புதிதாகவே கிடைக்கிறது, வாங்கிவிட்டேன். சிக்கல் அந்த மூடிகளில்தான். ஒன்று இறுகி அசையவே இல்லை, இன்னொன்றைப் பிடித்திருக்கும் ரிவெட் (தறையாணி) அறுந்துவிட்டது. காற்றைக் கட்டுப்படுத்த முடியாவிட்டால் கரி அரை மணியில் சாம்பல்!

ரிவெட்டைத் துளைத்து எடுத்தால் சுற்றியுள்ள எனாமல் சில்லுச் சில்லாகப் பெயருமோ என்று பயம். டேப் ஒட்டி, மெதுவாகத் துளைத்தால் போதுமா? திரும்பப் பூட்ட எவர்சில்வர் போல்ட் போடலாமா, அலுமினிய ரிவெட்டேதான் வேண்டுமா? துத்தநாகம் பூசிய போல்ட் வேண்டாம், சூட்டில் புகை கக்கும்.

அப்புறம், கிரில்லின் ஒரு கால், அது செருகியிருக்கும் அடிப்பக்கக் குழாயோடு துருப்பிடித்து ஒட்டிக்கிடக்கிறது. எண்ணெய் விட்டு இரண்டு நாளாயிற்று. சுத்தியலைத் தொடுவதற்கு முன் யாராவது சொல்லுங்களேன்.