பல் செட் அக்ரிலிக்கின் தாக்கு வலிமை: உடைத்தவர்கள், செய்தவர்கள், போட்டவர்கள் சொல்பவை

சோதனைக் கூட ஊழியர், சென்னை

பி.வி.சி. குழாய், சுவிட்ச் பெட்டி, நாற்காலிக் கால் என்று உடைத்துப் பார்ப்பதுதான் எங்கள் பிளாஸ்டிக் சோதனைக் கூடத்தின் அன்றாட வேலை. ஆண்டில் சில மாதங்கள் மட்டும் வேறு வகை ஆட்கள் வருவார்கள். செயற்கைப் பல் துறையில் எம்.டி.எஸ். படிக்கும் மருத்துவர்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, உள்ளே தண்ணீரில் ஊறும் இளஞ்சிவப்புத் துண்டுகள், பல் செட்டின் ஈறுப் பகுதியைச் செய்யும் அக்ரிலிக் பிசினில் வார்த்தவை. ஆய்வேடு கொடுக்கவேண்டிய நாள் நெருங்கியிருக்கும். "இன்றைக்கே முடித்துவிடலாமா, சார்?" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி.

உடைக்க ஒரு நொடி போதும். அதற்கு முந்தைய வேலைதான் நேரத்தைத் தின்னும்.

இயந்திரத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கனமான தலை கொண்ட ஓர் ஊசல், குறித்த உயரத்தில் கொக்கியில் மாட்டியிருக்கும். விடுவித்தால் இறங்கி வந்து துண்டை அடித்து உடைத்துவிட்டு மறுபக்கம் ஏறும். துண்டு எவ்வளவு ஆற்றலை வாங்கிக்கொண்டதோ அந்த அளவுக்கு மறுபக்க ஏற்றம் குறையும். அளவுமுகத்தில் முள் காட்டுவது அந்தக் குறைவைத்தான். சார்ப்பி முறையில் துண்டைப் படுக்கவைத்து, இரண்டு முனைகளையும் தாங்கிகளில் அணைத்து, காடி (விரிசல் தொடங்குவதற்காக வெட்டும் சிறு பள்ளம்) இருக்கும் பக்கத்துக்கு நேர் பின்புறம் நடுவில் அடிப்போம். ஐசாட் முறையில் துண்டை நிமிர்த்திக் கீழ்ப்பாதியை வைஸில் இறுக்கி, காடி இருக்கும் பக்கத்திலேயே மேல்பாதியை அடிப்போம். ஒன்றின் எண்ணை மற்றதன் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. ஆனால் ஆய்வேடுகளின் விவாதப் பகுதியில் அப்படி ஒப்பிட்டு எழுதியிருப்பதை நான் நிறையவே பார்க்கிறேன்.

இனி ஒரு கணக்கு. துண்டின் தடிமன் 4 மி.மீ., காடிக்குக் கீழே மிஞ்சிய அகலம் 8 மி.மீ. என்றால் உடையும் பரப்பு 32 சதுர மி.மீ. அந்த அக்ரிலிக்கின் வலிமை சதுர மீட்டருக்கு 2 கிலோஜூல் என்று வைத்துக்கொள்வோம். துண்டு வாங்கிக்கொள்ளும் ஆற்றல் 0.064 ஜூல். காலையில் குழாய்த் துண்டுக்காக மாட்டிய 15 ஜூல் சுத்தியலை அப்படியே விட்டு இதை அடித்தால் முள் அசைந்ததா இல்லையா என்பதே தெரியாது. துண்டு வாங்கும் ஆற்றல் சுத்தியலின் கொள்ளளவில் 10 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் இடையே விழவேண்டும் என்கிறது சார்ப்பி முறைக்கான தரநிலை ஐ.எஸ்.ஓ. 179. இந்தத் துண்டுக்கு 0.5 ஜூல் சுத்தியல்தான் பொருந்தும். அதிலும் முதலில் துண்டே வைக்காமல் ஒருமுறை வீசிப் பார்த்து, காற்றும் அச்சின் உராய்வும் எடுத்துக்கொள்வதைக் கழிக்கவேண்டும். எஃகுக்கு இந்தக் கழிவு பொருட்டே அல்ல. பல் செட் பிசினுக்கு விடையில் கணிசமான பங்கையே அது விழுங்கிவிடும்.

அடுத்தது காடி. அதன் அடியில் வளைவின் ஆரம் 0.25 மி.மீ. இருக்கவேண்டும். வெட்டும் கத்தி மழுங்கியிருந்தால் அக்ரிலிக் வெட்டுப்படாமல் சூடேறி இளகி இழுபடும். காடியின் அடி உருண்டுவிடும், எண் ஏறிவிடும். வெட்டிய பிறகு பூதக்கண்ணாடியில் பார்ப்பேன். அடிக்கோடு பளிச்சென்று ஒரே சீராக இருந்தால் சரி. ஓரத்தில் பிசிறு நின்றால் கத்தியை மாற்றிவிட்டுத்தான் மேற்கொண்டு. சிலர் அச்சிலேயே காடியை வார்த்துக் கொண்டுவருகிறார்கள், வேலை மிச்சம் என்று. வார்த்த காடியும் வெட்டிய காடியும் ஒரே எண்ணைத் தராது என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் கோபித்துக்கொள்கிறார்கள்.

உடைந்த முகத்தையும் பாருங்கள். எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு துண்டுகளைக் குப்பையில் போட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். சாதாரண அக்ரிலிக் 'டக்'கென்று உடையும். விளக்கின் கீழ்ச் சாய்த்துப் பிடித்தால் விரிசல் தொடங்கிய இடம் கண்ணாடிபோல வழவழப்பாகவும், போகப்போகச் சொரசொரப்பாகவும் தெரியும். ரப்பர் சேர்த்த ரகம் மங்கலாக, காடியோரம் வெளுத்துப்போய் இருக்கும். குண்டூசித் தலையளவு குமிழி ஒன்று அங்கே உட்கார்ந்திருந்தால், அந்தத் துண்டின் எண் ஏன் தரைமட்டத்துக்கு இறங்கியது என்று வேறு யாரையும் கேட்கவேண்டியதில்லை.

முதுநிலை மாணவி, செயற்கைப் பல் துறை

சார் சொல்லும் டப்பாவோடு வருகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. துண்டு செய்யும் பக்கத்தை நான் சொல்கிறேன். உலோக அச்சில் மெழுகுப் பட்டைகள் எடுத்து, ஃபிளாஸ்க் என்ற உலோக அச்சுப் பெட்டியில் பதித்து, மெழுகைக் கொதிநீரில் உருக்கி வெளியேற்றி, பிசின் ஒட்டாமலிருக்கப் பிரிபொருள் பூசி, மாவுப் பதத்தில் பிசினை அடைக்கிறோம். கன அளவில் 3 பங்கு பொடிக்கு 1 பங்கு திரவம். கிண்ணத்திலிருந்து எடுக்கும்போது நூல் நூலாக இழுபட்டால் பதம் வரவில்லை. கிண்ணத்தில் ஒட்டாமல் சுருண்டு வந்தால் அடைக்கலாம். ரப்பர் போல ஆகிவிட்டால் தூக்கிப் போடவேண்டியதுதான்.

என் ஆய்வு சிர்கோனியா என்ற பீங்கான் வகையின் நானோ துகள் சேர்த்த பிசினைப் பற்றியது. துகள் கூடக்கூட வலிமையும் கூடும் என்ற நம்பிக்கையோடு பலர் இந்தத் தலைப்பை எடுக்கிறார்கள். சிலேன் என்ற இணைப்பு வேதிப்பொருள் பூசாத துகள் பிசினோடு சரியாக ஒட்டுவதில்லை. அளவு கூடினால் கட்டிதட்டிவிடுகிறது, அந்தக் கட்டியே விரிசலுக்கு வாசலாகிறது. வளைத்துப் பார்க்கும் சோதனையில் நல்ல எண் தந்த பிசின் மோதிப் பார்க்கும் சோதனையில் கவிழ்வதும் உண்டு. விறைப்பு வேறு, அடி தாங்குவது வேறு என்று எங்கள் வழிகாட்டி சொல்லிக்கொண்டே இருப்பார்.

ஒரு கேள்வி, சார். ஒரு குழுவில் ஒரே ஒரு துண்டு மட்டும் மிகக் குறைந்த எண் தந்தால் அதை நீக்கிவிடலாம் என்கிறார்கள் சீனியர்கள். நீக்கலாமா?

பல் லேப் டெக்னீஷியன், மதுரை

மேலே இருவரும் பேசுவது சோதனைக்குச் செய்த பட்டைத் துண்டைப் பற்றி. என் மேசைக்கு வருவது முழுப் பல் செட், அதுவும் இரண்டாக உடைந்து, தாளில் மடித்து. மேல் செட்தான் அதிகம். உடைவது நடுவில்தான் அதிகம். "கீழே விழுந்துவிட்டது" என்று எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள். துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் கதை வேறாக இருக்கும். முன்பக்கம் உதட்டை ஈறோடு இணைக்கும் சவ்வு மடிப்புக்காக இறக்கிய பள்ளத்திலிருந்து ஒரு பழைய விரிசல் கிளம்பியிருக்கும். காபிக் கறை படிந்து பழுப்பாகக் கோடு தெரியும். கறை படிந்த பகுதி எப்போதோ பிளந்தது. கறை இல்லாமல் புதிதாக இருப்பதுதான் விழுந்தபோது பிளந்தது. விழுந்தது உண்மைதான், ஆனால் பாதி வேலை வாய்க்குள்ளேயே முடிந்துவிட்டது.

ஏன் வாய்க்குள் பிளக்கிறது? பல் எடுத்த எலும்பு காலப்போக்கில் கரைகிறது. இரண்டு பக்கமும் இடம் தாழ்ந்துவிட, அண்ணத்தின் நடுவிலிருக்கும் கெட்டி எலும்பு தாழாமல் நிற்கிறது. ஒவ்வொரு கடிக்கும் செட் அந்த நடு மேட்டில் வளைந்து நிமிர்கிறது. கீழ்வரிசையில் சொந்தப் பல் இருப்பவருக்கு இன்னும் மோசம். அது களைப்பு முறிவு. ஊசலுக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. அடிப்பக்கத்தை மறுபடி படியவைக்காமல், விலை கூடிய 'ஹை இம்பாக்ட்' பிசினில் புதுச் செட் கட்டித் தந்தாலும் உடைந்துதான் வரும்.

அந்தப் பிசினைக் குறை சொல்லவில்லை. லூசிட்டோன் 199 போன்றவற்றில் அக்ரிலிக்கோடு பிணைத்த ரப்பர் துகள்கள் இருக்கின்றன. ஓடிவரும் விரிசல் அதில் மோதி வேகம் இழக்கிறது. கை தவறிப் போட்டுவிடும் முதியவர்களுக்கு நானே பரிந்துரைக்கிறேன். எனக்கு எரிச்சல் மூட்டுவது வேறு. நல்ல பிசினை வாங்கிவிட்டு, ஃபிளாஸ்க்கை நேரே கொதிநீரில் இறக்கிச் சீக்கிரம் முடிப்பவர்கள் இருக்கிறார்கள். பொடியோடு கலக்கும் திரவமான மோனோமர் கொதிப்பது 100 டிகிரிக்குச் சற்று மேலே. பிசின் இறுகும்போது வெளிவிடும் சூடும் சேர்ந்தால் தடித்த இடங்களில் மோனோமர் ஆவியாகிக் குமிழி கட்டிவிடும். 74 டிகிரியில் ஏறத்தாழ 8 மணி நேரம் வைப்பது, அல்லது அதே சூட்டில் 2 மணி நேரம் வைத்துப் பிறகு 1 மணி நேரம் கொதிக்கவிடுவது என்று பாடத்தில் இருப்பது சும்மா இல்லை. வெந்தபின் ஃபிளாஸ்க்கைக் குழாயடியில் காட்டிக் குளிர்விப்பதும் கூடாது. மேசைமேல் தானாக ஆறவிடவேண்டும். சோதனைக் கூடத்துக்குப் போகும் துண்டுகள் விதிப்படி வேகின்றன. வாய்க்குப் போகும் செட்டுகள் எல்லாம் அப்படித்தான் வேகின்றனவா என்று யாராவது ஆய்வேடு எழுதினால் நான் முதல் ஆளாகப் படிப்பேன்.

அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் மகள், திருச்சி

எனக்கு ஜூல் கணக்கு தெரியாது. அப்பாவுக்குக் கை நடுக்கம். காலையில் செட்டைக் கழுவும்போது நழுவி வாஷ்பேசினில் விழுந்து ஓரம் தெறித்துவிட்டது. மருத்துவர் இரண்டு யோசனை சொன்னார்: பேசினில் பாதித் தண்ணீர் நிரப்பிவிட்டு அதன்மேல் கழுவுவது, அல்லது உள்ளே மடித்த துணித் துண்டை விரித்துவைப்பது. இரண்டையும் செய்கிறோம். அதன் பிறகும் விழுகிறது, உடைவதில்லை. சுடுதண்ணீரில் போடக்கூடாது, வளைந்துவிடும் என்றும் சொன்னார். அப்பாவுக்கு அதுதான் பெரிய வருத்தம். எதையும் வெந்நீரில் கழுவினால்தான் அவருக்குத் திருப்தி.

ஓய்வுபெற்ற பல் மருத்துவப் பேராசிரியர்

மதுரை நண்பர் சொன்ன களைப்பு முறிவை வழிமொழிகிறேன். தரநிலை பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பல் செட்டுகள் கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பரில்தான் இருந்தன. வல்கனைட் என்பார்கள். ஈறின் நிறத்துக்கு அது கிட்டவே வராது. 1937இல் வால்டர் ரைட் மெதில் மெதாக்ரிலேட் பிசினை நோயாளிகளிடம் பயன்படுத்திப் பார்த்து எழுதிய பிறகு பத்தாண்டுகளுக்குள் அக்ரிலிக் களத்தையே பிடித்துக்கொண்டது. நிறம் கிடைத்தது, பழுதுபார்ப்பது எளிதானது. உடையும் குணம் மட்டும் கூடவே வந்தது.

இப்போது இந்தப் பிசின்களுக்கான தரநிலை ஐ.எஸ்.ஓ. 20795-1. வளை வலிமை 65 மெகாபாஸ்கலுக்குக் குறையக் கூடாது, தானே இறுகும் ரகத்துக்கு 60. இது எல்லா மாணவருக்கும் மனப்பாடம். அவர்கள் வியப்பது வேறோர் இடத்தில். "மோதலைக் கூடுதலாகத் தாங்கும்" என்று ஒரு நிறுவனம் உரிமை கோரினால், 2013ஆம் ஆண்டுப் பதிப்பு ஊசலைக் கேட்பதில்லை, முறிவுத் தடையைக் கேட்கிறது. 39 × 8 × 4 மி.மீ. துண்டில் 3 மி.மீ. ஆழத்துக்கு ரம்பத்தால் அறுத்து, அதன் அடியில் சவர பிளேடால் இன்னும் கூராகக் கீறி, 37 டிகிரி நீரில் 7 நாள் ஊறவைத்து, நிமிடத்துக்கு 1 மி.மீ. வேகத்தில் அழுத்துகிறார்கள். கிடைக்கும் முறிவுத் தடையின் உச்ச மதிப்பு 1.9 மெகாபாஸ்கல் √மீட்டரும், மொத்த முறிவு வேலை சதுர மீட்டருக்கு 900 ஜூலும் தொடவேண்டும். மோதலைத் தாங்கும் என்ற பேச்சை இவ்வளவு மெதுவாகச் சோதிப்பதா என்று வகுப்பில் சிரிப்பார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது. விரிசல் ஓடுவதற்குப் பொருள் எவ்வளவு தடை சொல்கிறது என்பதை அந்த மெதுவான அழுத்தம் நேராகக் கேட்கிறது. ஊசலின் எண்ணில் காடி, சுத்தியல், தெறித்துப் பறக்கும் துண்டின் வேகம் எல்லாமே கலந்துவிடுகின்றன.

சென்னை நண்பர் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

முப்பரிமாண அச்சுப் பிரிவில் வேலை செய்பவர், கோவை

அச்சிட்ட பிசினையும் இதே பட்டியலில் சேர்த்துச் சோதிக்கிறார்கள். அடுக்குகள் எந்தத் திசையில் எழுந்தன, அச்சுக்குப் பின் ஒளிப்பெட்டியில் எவ்வளவு நேரம் இருந்தது என்று குறிக்காத எண்ணை நான் படிப்பதே இல்லை. அடுக்கும் காடியும் ஒரே திசையில் அமைந்துவிட்டால் விரிசலுக்குப் போட்டுவைத்த ரஸ்தா.

சோதனைக் கூட ஊழியர், சென்னை

பேராசிரியர் ஐயா, முக்கால்வாசி ஒத்துக்கொள்கிறேன். தெறித்துப் பறக்கும் துண்டு பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் ஊசலைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். ஒரே நாள், ஒரே கத்தி, ஒரே சுத்தியல் என்று வைத்து இரண்டு பிசின்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடித்தால் எது தாங்குகிறது என்று அது பொய்யில்லாமல் சொல்லும். அதற்குமேல் கேட்டால்தான் தடுமாறும். 20 கிராம் எடையுள்ள செட் 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் அதன் ஆற்றல் சுமார் 0.2 ஜூல், நான் மேலே சொன்ன காடித் துண்டை உடைத்த ஆற்றலைப்போல மூன்று மடங்கு. ஆனாலும் திருச்சி அம்மாவின் அப்பா செட்டில் ஓரம்தான் தெறித்தது. அதில் அப்படிப்பட்ட காடி இல்லை, விழுந்த ஆற்றல் முழுவதும் ஒரே கோட்டில் இறங்கவும் இல்லை. ஆகவே என் எண்ணை வைத்து "இந்தச் செட் இத்தனை அடி உயரத்திலிருந்து விழுந்தாலும் உடையாது" என்று யாரும் எழுதவேண்டாம்.

இன்னொன்று. நைலான் வகை வளையும் செட் துண்டுகளையும் சிலர் கொண்டுவருகிறார்கள். அவை முழுக்க உடையாமல் மடங்கி நின்றுவிடும். கண்ணாடி இழை வைத்த அக்ரிலிக்கும் சில நேரம் பிளந்தபின் இழையில் தொங்கும். முழு முறிவு, கீல் போலத் தொங்குவது, பாதி முறிவு, முறியாதது என்று தனித்தனியே எழுதவேண்டும். எல்லாவற்றையும் ஒரே சராசரியில் போட்டுவிட்டு நைலான் ஜெயித்தது என்பது சோதனை ஆகாது.

மாணவியின் கேள்விக்கு வருகிறேன். எண் பிடிக்கவில்லை என்று நீக்கக் கூடாது, டாக்டர். நீக்குவதை உடைப்பதற்கு முன்பே செய்யுங்கள். ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். குமிழி நிழலாடினால் அப்போதே ஒதுக்கிவிடுங்கள். அதற்காகத் தேவைக்கு மேல் சில துண்டுகள் சேர்த்தே செய்யுங்கள். உடைந்த பிறகு உள்ளே குமிழி தெரிந்தால் எண்ணை வைத்துக்கொண்டு பக்கத்தில் குறிப்பு எழுதுங்கள். உங்கள் பிசின் குமிழி கட்டும் பிசின் என்றால் அதுவும் ஒரு முடிவுதானே. குழுப் பெயரைத் துண்டின் முனையில் கீறிக் கொண்டுவரவேண்டாம், கீறலும் ஒரு காடிதான். அழியாத பேனாவால் எழுதினால் போதும். டப்பாவில் தண்ணீர் இருக்கட்டும். வழியில் காய்ந்துவிட்டால் 37 டிகிரியில் ஊறவைத்த வேலை வீண். காடி வெட்டவே பாதி நாள் போய்விடும், ஆகையால் காலையிலேயே வந்துவிடுங்கள்.