காலையில் நடை, பகலுக்குப் பின் சக்கர நாற்காலி

மலேசியாவில் பெஸ்தாரி ஜெயாவுக்கு, அதாவது எங்கள் பெரியவர்கள் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் ஊருக்குப் பக்கத்தில், செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலை ஒன்றின் எடைமேடை அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) வேலை செய்கிறேன். எனக்கு இருப்பது மயஸ்தீனியா கிராவிஸ். நரம்பு அனுப்பும் கட்டளையைத் தசை வாங்கிக்கொள்ளும் இடத்தை உடலின் எதிர்ப்பாற்றலே அடைத்துவிடுவதால், தசையைப் பயன்படுத்தப் பயன்படுத்த அது சோர்ந்துபோகும். ஓய்வு கொடுத்தால் ஓரளவு மீளும். காலையில் வீட்டுக்குள் நடப்பேன். பகல் இரண்டு மணிக்கு மேல் சக்கர நாற்காலி இல்லாமல் கழிவறைக்குக்கூடப் போக முடியாது. வெயில் கடுமையானால் அந்த நேரம் இன்னும் முன்னதாகவே வந்துவிடும்.

ஊரார் கணக்கில், நாற்காலியில் இருப்பவன் எழுந்து நின்றால் அது அதிசயமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஏமாற்றாக இருக்க வேண்டும்.

அதிசயம் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் நடந்தது. மாத்திரை போட்டுச் சற்று நேரம் ஆகியிருந்தது. இந்த நோய்க்கு நான் போடும் அந்த மாத்திரை, பைரிடோஸ்டிக்மின், மூன்று, நான்கு மணி நேரமே தாங்கும் என்றாலும், அதன் நல்ல பொழுது தீபாராதனையோடு ஒத்துவந்ததால் எழுந்து நின்று கும்பிட்டேன். பக்கத்தில் நின்ற அத்தை ஒருவர், "ஆத்தா கண்ணத் தொறந்துட்டா! தம்பி எந்திரிச்சிட்டான் பாருங்க!" என்று குரல் கொடுத்ததில் உறுமிக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். அன்னதானத்தில் நான் மறுபடியும் நாற்காலியில் இருந்ததைக் கண்டு, வேண்டுதலில் என்ன குறை வைத்தீர்கள் என்று அவரே அம்மாவிடம் விசாரித்தார். பாசத்தில் கேட்டது, எனக்கு வருத்தமில்லை.

ஏமாற்று என்ற பட்டம் முன்பு வேலை செய்த இடத்தில் கிடைத்தது. "நேத்து கடையில நல்லா நடந்தீங்களே, தம்பி?" என்று கேட்ட மேலாளர், மருத்துவர் தந்த கடிதத்தை வாங்கி, "நடக்க இயலும்" என்ற சொற்களின் கீழ் மட்டும் சிவப்பு மையில் கோடு போட்டார். அதே வரியில் அடுத்து இருந்த "குறுகிய தூரம், ஓய்வுக்குப் பின்" என்பது அவர் கண்ணில் படவில்லை. மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் நீண்டகாலக் குறைபாட்டையும், அது சுற்றியுள்ள தடைகளோடு சேரும்போது என்ன ஆகிறது என்பதையும் பேசுகிறதே தவிர, எந்நேரமும் நடக்கவே முடியாதவராக இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தில் பாகுபாட்டுக்குத் தண்டனை இல்லாததால், அதைச் சொல்லி அவரை அசைக்க முடியவில்லை.

இப்போதைய ஆலையில் நிலைமை வேறு. பழுத்த குலைகளை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் ஏற்றாவிட்டால் எண்ணெயில் அமிலம் கூடிவிடும். எனவே காய்ப்புக் காலத்தில் லோரிகள் இரவு வரை வரிசை கட்டும். மாலையில் என் இமை தொங்கி, எடை காட்டும் எண்கள் இரண்டிரண்டாகத் தெரியும். டன் கணக்கில் பணம் போகும் இடத்தில் அது விளையாட்டல்ல. அதனால் லோரி ஏறிய எடை, இறங்கிய எடை பார்த்துச் சீட்டு எழுதுவது காலையில் என் பொறுப்பு. பகலுக்குப் பிறகு அது இன்னொரு கிராணிக்குப் போக, நான் கொஞ்ச நேரம் படுத்தெழுந்து, தொலைபேசியையும் தோட்டங்களின் விசாரணைகளையும் கவனிக்கிறேன். வாசலில் இருந்த ஆறு அங்குலப் படிக்கு, ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் ஆறடிச் சரிவு வேண்டும் என்றேன். ஆலைப் பட்டறைக்காரர்கள் பழைய இரும்புத் தகட்டைப் பற்றவைத்து மறுவாரமே போட்டுவிட்டார்கள்.

வேலைக்குக் கடிதம் கேட்பவர்கள், நோயின் பெயரோடு நிறுத்தாமல், எந்த நேரத்தில் எது இயலும், எவ்வளவு ஓய்வு வேண்டும், வெயிலில் நிற்கலாமா என்பதையும் மருத்துவரை எழுதச் சொல்லுங்கள். என்னைப் போன்ற நோயுள்ளவர்கள், சிப்ரோஃப்ளோக்சசின், ஜென்டாமைசின் போன்ற மருந்துகள் தசைச் சோர்வை மோசமாக்கக்கூடும் என்பதையும் அதில் சேர்க்கச் சொல்லி, ஒரு நகலை வேலையிடத்து முதலுதவிப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.