கூத்துக் கிரீடத்துக்குள்ள இருந்த துணி அழுக்கா?

கட்டைக்கூத்தன்:
நேத்து இந்தக் குழுவுல வேற ஒரு இழையில 'கோட்டைமதில்'னு ஒருத்தர் எழுதியிருந்தார்: "அருங்காட்சியகம் மட்டும் இல்லன்னா வட ஆர்க்காட்டுக் கூத்துச் சாமான் எல்லாம் கரையானுக்குத்தான் போயிருக்கும். கூத்துக்காரங்களுக்கே அதோட அருமை தெரியல." படிச்சதுல இருந்து மனசு ஆறல. அதனால தனியா இழை போடறேன்.

எங்க தாத்தா துரியோதனன் வேஷக்காரர். செய்யாறு, ஆரணி, வந்தவாசின்னு பாரதத் திருவிழா வெச்ச ஊரெல்லாம் ஆடினவர். அவர் கிரீடம் கல்யாண முருங்கைக் கட்டையில செதுக்கினது, இந்த மாதிரி மரத்துல செஞ்ச வேஷச் சாமானை நாங்க கட்டைன்னுதான் சொல்வோம். மேல காக்காப்பொன், கண்ணாடிச் சில்லு. உள்பக்கம் நெத்தி படற இடத்துல துணியை வளையமா சுருட்டி வெச்சுத் தெச்சிருக்கும். அது இல்லாம கட்டை தலையில நிக்காது, ரெண்டு சுத்து கிறுகி ஆடினா நெத்தித் தோல் உரிஞ்சிடும். அந்தத் துணி மூணு அடுக்கு. அடியில கொள்ளுத்தாத்தா வேட்டிக் கிழிசல், அதுக்கு மேல பாட்டியோட சுங்குடிப் புடவைத் துண்டு, மேல எங்க நைனா வெச்ச சிவப்புத் துண்டு. யாரு தலைக்கு மாறுதோ அவங்க அளவுக்கு ஒரு அடுக்கு ஏறும்.

நைனா ஆட முடியாமப் போனப்ப ஒரு அருங்காட்சியகத்துக்கு அதைக் குடுத்தார். பேர் சொல்லப் போறதில்ல, வேலூர் கோட்டைக்குள்ள இருக்கிறது கிடையாது. மூணு வருஷம் கழிச்சுப் போய்ப் பார்த்தோம். கிரீடம் பளபளன்னு நிக்குது, உள்ள துணியக் காணோம். கேட்டா, "அது அழுக்குத் துணிங்க, பூச்சி வரும்னு எடுத்துப் போட்டுட்டோம்"னாங்க. வீடு வந்து சேர்ற வரைக்கும் நைனா பஸ்ஸுல ஒரு வார்த்தை பேசல. இப்ப சொல்லுங்க, அருமை தெரியாதவன் யாரு?

கோட்டைமதில்:
என் பேரைப் போட்டு இழுத்ததால பதில் சொல்றேன். 22 வருஷம் அருங்காட்சியக வேலையில இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேர்வை ஊறின பருத்தித் துணியில உப்பு, எண்ணெய், அரிதாரம் எல்லாம் இருக்கும். கரப்பான், வெள்ளிப்பூச்சிக்கு அது விருந்து. கல்யாண முருங்கை மாதிரி மெத்துனு இருக்கிற மரத்துல உளுப்பு வண்டு சுலபமா ஏறும். குண்டூசி அளவு ஓட்டை, கீழ மாவு மாதிரித் தூள். அதைப் பார்க்கிறப்பவே உள்ள பாதி போயிருக்கும். ஒரு அலமாரியில ஒரு பொருளுக்குப் பூச்சி பிடிச்சா பக்கத்துல இருக்கிற நூறுக்கும் பரவும். உங்க ஒரு துணிக்காக மத்தவங்க கொடுத்ததை எல்லாம் பலி கொடுக்க முடியாது. எடுத்தது சரிதான்.

கட்டைக்கூத்தன்:
எடுத்தது சரின்னே வெச்சுக்கலாம். எடுத்து எங்க வெச்சீங்க? குப்பையில. அதுக்குப் பதில் சொல்லுங்க.

ஏட்டுச்சுவடி:
நாட்டார் வழக்காற்றியல்ல ஆய்வு பண்ற மாணவி நான். முதல்ல ஒண்ணு தெளிவாகணும். கலை அருங்காட்சியகம் வேற, இனவரைவியல் அருங்காட்சியகம் வேற. முன்னதுக்குக் கிரீடம் ஒரு அழகான பொருள், துணி தேவையில்ல. பின்னதுக்கு அந்தக் கிரீடத்தை யாரு, எப்ப, எப்படித் தலையில வெச்சாங்கன்றதுதான் முக்கியம், அதனால துணிதான் முதல் சான்று. அந்த இடம் எந்த வகை?

கோட்டைமதில்:
வகை எதுவா இருந்தா என்னம்மா, வண்டுக்கு வகை தெரியுமா?

கட்டைக்கூத்தன்:
வகை எல்லாம் அப்புறம். துணி எங்க?

பாலாத்துமணல்:
ஒரு சின்ன திருத்தம். செய்யாறு, ஆரணி, வந்தவாசி எல்லாம் திருவண்ணாமலை மாவட்டம். இது வேலூர்க்காரங்க குழு.

கட்டைக்கூத்தன்:
1989-ல கோடு போட்டாங்க தம்பி. எங்க தாத்தா அதுக்கு முன்னாடியே ஆடி முடிச்சவர். அவருக்கு எல்லாமே வட ஆர்க்காடுதான். 2019-ல ராணிப்பேட்டை, திருப்பத்தூரும் பிரிஞ்சிடுச்சு. அப்ப ஆற்காட்டுக்காரனையும் வெளிய அனுப்புவீங்களா?

பாலாத்துமணல்:
நான் அனுப்பறேன்னு சொல்லல. தகவல் சரியா இருக்கணும்னு சொன்னேன். எங்க ஊர்ல மாசி மாசம் பாலாத்தங்கரையில நடக்கிற மயானக் கொள்ளை பத்தி இந்தக் குழுவுல ஒருத்தரும் எழுத மாட்டேன்றீங்க, எப்பவும் செய்யாத்துக் கூத்துதான்.

கோட்டைமதில்:
திரும்ப விஷயத்துக்கு வரேன். இந்தத் துறையை யாரும் லேசா நினைக்க வேணாம். சென்னை அருங்காட்சியகம் 1851-ல தொடங்கினது. 1930-லயே அங்க இரசாயனப் பாதுகாப்புக் கூடம் வந்துடுச்சு. ஒரு பொருள் உள்ள வந்தா முதல்ல தனி அறையில வெச்சுப் பூச்சி பார்ப்போம். பதிவேட்டுல ஏத்துவோம். எண்ணைப் பொருள் மேல நேரா எழுத மாட்டோம். கண்ணுக்குப் படாத மூலையில மெல்லிசா வார்னிஷ் தடவி அதுக்கு மேல எழுதுவோம், வேணும்னா அழிக்கலாம். சாயம் போட்ட மரம், துணிக்கெல்லாம் 50 லக்ஸுக்கு மேல வெளிச்சம் படக்கூடாது, நிறம் வெளுத்துடும். இதையெல்லாம் உங்க வீட்டுப் பரண் மேல செய்வீங்களா?

கட்டைக்கூத்தன்:
செஞ்சோம் சார். எங்க முறையில செஞ்சோம். பங்குனி பாரதம் தொடங்கறதுக்கு முன்னாடி பெட்டியத் திறந்து எல்லாக் கட்டையையும் வெயில்ல காய வைப்போம். உதிர்ந்த சில்லு ஒட்டுவோம், காக்காப்பொன் மாத்துவோம், வேப்பிலை போட்டு மூடுவோம். சாமி கும்பிட்டுத்தான் பெட்டி திறப்போம், தாண்டிப் போறவனைக் கூட தாத்தா விட மாட்டார். மூணு தலைமுறை அப்படித்தான் நின்னுது. உங்க கிட்ட மூணே வருஷம், துணி போச்சு.

பதிவேட்டுல ஏத்துவோம்னு சொன்னீங்களே, அதையும் சொல்றேன். அட்டையில எழுதியிருந்தது: "கிரீடம். மரம். வட ஆர்க்காடு." மூணே மூணு சொல்லு. ஆடினவர் பேர் இல்ல, செதுக்கினவர் பேர் இல்ல, எந்த வேஷம்னு இல்ல. கட்டைன்ற சொல்லே இல்ல! நைனா குடுத்தப்ப எல்லாம் சொல்லித்தான் குடுத்தார். அது கர்ண மோட்சக் கூத்துக்கு வெச்ச கிரீடமா, பதினெட்டாம் போர்க் கூத்துக்கு வெச்சதான்னு பாக்கறவனுக்கு எப்படித் தெரியும்?

ஏட்டுச்சுவடி:
அண்ணா சொல்றது சரி. பொருளோட சேர்ந்து வர பேச்சைப் பதிவு பண்ணலன்னா பாதிப் பொருள்தான் உள்ள வந்திருக்கு. உள்ளூர்ப் பேர், செஞ்சவர், அணிஞ்சவர், எந்தச் சடங்கு, யாரு தொடலாம், யாரு தொடக்கூடாது, இதெல்லாம் கள ஆய்வாளர் எழுதணும். முடிஞ்சா அதைப் போட்டு ஆடறப்பவே படம் எடுக்கணும். துணியைப் பொறுத்தவரை சாரும் பாதி சரி. பூச்சி பயம் உண்மை. ஆனா வழி இருக்கு. துணியைப் பிரிச்சுக் காத்துப் புகாத பையில கட்டி உறைகுளிர்ல ரெண்டு வாரம் வெச்சா பூச்சியும் முட்டையும் செத்துடும். சாயமும் கண்ணாடியும் ஒட்டின கட்டையைத்தான் அப்படி வைக்க யோசிக்கணும், வெறும் துணிக்குப் பயமில்ல. அப்புறம் கிரீடத்தோட எண்ணையே போட்டு, பக்கத்துல 'அ'னு சேர்த்துத் தனிப் பெட்டியில வெக்கலாம்.

கோட்டைமதில்:
புத்தகத்துல இருக்கிறதைச் சொல்றீங்க. கரண்ட்டு எத்தனை மணி நேரம் இருந்ததுன்னு எங்களைக் கேளுங்க. ரெண்டு பேர் சேர்ந்து ஆயிரக்கணக்கான பொருளைப் பார்த்தோம். உறைபெட்டியாம். அழுக்குத் துணி அழுக்குத் துணிதான்.

கட்டைக்கூத்தன்:
இன்னொரு தரம் அழுக்குன்னு சொல்லாதீங்க சார். அது எங்க பாட்டி புடவை.

குடியாத்தம்_கெங்கை:
அழுக்கு, சுத்தம்னு பேசறதால சொல்றேன். எங்க ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுல வைகாசி ஒண்ணாந் தேதி அம்மன் சிரசை ஊர்வலமா எடுத்து வந்து உடம்புல பொருத்துவாங்க. பொழுதுக்குள்ள திரும்பப் பிரிச்சுடுவாங்க. அந்த சிரசு மேல எத்தனை மாலை, எத்தனை மஞ்சள் படுது! அதைத் தொடைச்சுட்டுக் கண்ணாடிக்குள்ள வெச்சா அது சிரசா? பொம்மை. அதனால இந்த மாதிரிச் சாமானை எந்த மியூசியத்துக்கும் குடுக்கவே கூடாது. குடுத்தது உங்க தப்பு.

கட்டைக்கூத்தன்:
எங்க தப்புன்றீங்களா அக்கா? நைனாவுக்கு முழங்கால் போச்சு, ஆடறதுக்கு அடுத்த ஆள் இல்ல, நான் ஓசூர்ல கம்பெனி வேலைக்குப் போயிட்டேன். பெட்டி மழையில நனையுது. வேற எங்க குடுக்கறது? பழைய சாமான் வாங்கறவன் நாலு தடவை வந்து நின்னான். வீட்டுக் கூடத்துல அலங்காரத்துக்கு மாட்டறவங்களுக்கு வித்துடுவான். அவனுக்குக் குடுக்கக் கூடாதுன்னுதான் அருங்காட்சியகத்தை நம்பினார்.

கோட்டைமதில்:
பார்த்தீங்களா? இப்ப நீங்களே சொல்லிட்டீங்க. நாங்க இல்லன்னா வியாபாரி கிட்ட போயிருக்கும். நேத்து நான் எழுதினதும் அதைத்தான்.

கட்டைக்கூத்தன்:
நீங்க எழுதினது "கூத்துக்காரங்களுக்கு அருமை தெரியல"ன்னு. வார்த்தையை மாத்தாதீங்க. வியாபாரி கிட்ட போயிருந்தா துணியோடவாவது போயிருக்கும்.

பாலாத்துமணல்:
தெருக்கூத்துன்னு எல்லாரும் சொல்றாங்க, நீங்க மட்டும் கட்டை, கட்டைன்னு ஏன் தனியா சொல்றீங்க?

கட்டைக்கூத்தன்:
தெருவுல ஆடறதால வந்த பேர் இல்ல தம்பி எங்களுது. இந்தக் கட்டைகளை, கிரீடம், தோள்ல கட்டற புஜகீர்த்தி, மார்ப்பதக்கம் எல்லாத்தையும் கட்டி ஆடறவன் கட்டைக்கூத்தாடி. காஞ்சிபுரத்துப் பக்கம் கூத்துக்காரங்களே சேர்ந்து 1990-ல சங்கம் தொடங்கினதும் அந்தப் பேர்லதான். கட்டை எங்க பேருக்குள்ளயே இருக்கு. அப்படிப்பட்ட கட்டைக்குள்ள இருந்த துணியைத்தான் தூக்கிப் போட்டாங்க.

பாலாத்துமணல்:
பேரைக் கேட்டாலும் துணிக்கே வந்துடறீங்க.

ஏட்டுச்சுவடி:
இதுல பழைய பாவமும் இருக்கு. சென்னை அருங்காட்சியகத்துக்கு 1885-ல இருந்து தலைவரா இருந்த எட்கர் தர்ஸ்டன் நம்ம சனங்க தலையையும் மூக்கையும் இடுக்கி வெச்சு அளந்தார். 1909-ல 7 தொகுதி வந்தது. தலையோட அளவு எழுதினாங்க, தலைக்காரன் பேரை எழுதல. அந்தப் பழக்கம்தான் "கிரீடம், மரம்"னு மூணு சொல்லுல வந்து நிக்குது.

கோட்டைமதில்:
தர்ஸ்டனை எல்லாம் எதுக்கும்மா இழுக்கிறீங்க? அந்த 7 தொகுதி இல்லன்னா உங்க ஆய்வேட்டுல எதை மேற்கோள் காட்டுவீங்க? அவர்கூட வேலை செஞ்ச ரங்காச்சாரி நம்ம ஆள்தானே?

ஏட்டுச்சுவடி:
மேற்கோள் காட்டறதால அளந்தது சரின்னு ஆகிடாது சார்.

குடியாத்தம்_கெங்கை:
முட்டுக்காடு தட்சிணசித்ரா மாதிரி செய்யலாமே? பழைய வீடுகளைப் பிரிச்சுக் கொண்டு வந்து அப்படியே எழுப்பியிருக்காங்க. கூத்தும் ஆட விடறாங்க.

கட்டைக்கூத்தன்:
வீட்டை எழுப்பலாம் அக்கா. பாரதத்தை எப்படி எழுப்புவீங்க? பகல்ல பிரசங்கம், ராத்திரி கூத்து, அர்ச்சுனன் தபசு மரம் ஏறணும், கடைசி நாள் படுகளம். துரியோதனனை மண்ணாலயே மல்லாக்கப் படுக்க வெச்சுச் செய்வாங்க, எங்க தாத்தா அதைச் சுத்தி ஓடுவார். வீமன் தொடையில அடிச்சதும் திரௌபதி கூந்தல் முடிவா. சனங்க அந்த மண்ணை அள்ளிக்கிட்டுப் போய் நெல்லுக் குதிர்ல போடுவாங்க. அந்த உருவத்தை எந்த அருங்காட்சியகமும் வெக்க முடியாது, அழியறதுக்குன்னே செய்யறது. அது புரியுது எனக்கு. அழியக் கூடாதுன்னு குடுத்தது அந்தக் கிரீடம் ஒண்ணுதான். அந்த ஓட்டத்துல ஊத்தின வேர்வைதான் அந்தத் துணியில இருந்தது.

கோட்டைமதில்:
உணர்ச்சி வேற, பாதுகாப்பு வேற. நான் அங்க இருந்திருந்தாலும் எடுத்திருப்பேன்.

கட்டைக்கூத்தன்:
எடுத்து?

கோட்டைமதில்:
பதிவேட்டுல "உட்துணி நீக்கப்பட்டது"ன்னு எழுதியிருப்பேன்.

கட்டைக்கூத்தன்:
யாரோட துணின்னு எழுதியிருப்பீங்களா?

கோட்டைமதில்:
அதுக்கெல்லாம் பதிவேட்டுல இடம் கிடையாது.

ஏட்டுச்சுவடி:
இடம் இல்லன்னா கூட ஒரு தாள் சேர்த்து ஒட்டலாம் சார். கட்டைக்கூத்தன் அண்ணா, உங்க நைனா இப்ப நல்லா இருக்காரா? அந்த மூணு அடுக்கு பத்தி, கட்டை செதுக்கினவர் பத்தி அவர் குரல்லயே பதிவு பண்ண வரட்டுமா? செலவு என்னுது.

கட்டைக்கூத்தன்:
வாம்மா. ஆனா அவர் பேசுவாரான்னு தெரியல. அந்த ஊர் பேரை எடுத்தாலே எழுந்து போயிடறார்.

பாலாத்துமணல்:
அப்படியே மயானக் கொள்ளைக்கும் ஒரு நாள் வாங்க மேடம். இங்கயும் மனுஷங்க இருக்காங்க.

கோட்டைமதில்:
பதிவு பண்ணுங்க, நல்லது. ஆனா துணி வெச்சிருந்தா வண்டு வந்திருக்கும், அதை மட்டும் மறந்துடாதீங்க.

கட்டைக்கூத்தன்:
மூணு தலைமுறையா வராத வண்டு.