கட்டத்தைப் பாதியாக்கினால் விரல்கள் இரட்டிப்பது ஏன்?

கேள்வி:
வணக்கம். எண்ணெய்ப் பாறைக்குள் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தி மிச்ச எண்ணெயை வெளியேற்றும் முறையை, முதுகலை ஆய்வுக்காக இருபரிமாணத்தில் உருவகப்படுத்தி வருகிறேன். எண்ணெயின் பாகுநிலை 1.2 சென்டிபாய்ஸ், செலுத்தும் வாயுவினுடையது 0.06. இரண்டும் முழுமையாகக் கலக்கும் அழுத்தத்தையே எடுத்துக்கொண்டிருக்கிறேன். எதிர்பார்த்தபடியே முகப்பு நேராக நகராமல் விரல்விரலாகப் பிரிந்து எண்ணெய்க்குள் ஊடுருவுகிறது. ஆனால் கணக்குக்காகப் பாறையைப் பிரித்த 1 மீட்டர் கட்டத்தை அரை மீட்டராக்கியதும் விரல்களின் எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. எந்த விடையை நம்புவது?

பதில் 1:
இரண்டையும் நம்ப வேண்டாம். பாகுநிலை வேறுபாடு முகப்பைக் கலைக்கப் பார்க்கிறது, விரவல் (வாயுவும் எண்ணெயும் ஒன்றில் ஒன்று பரவிக் கலப்பது) அதை மழுக்கப் பார்க்கிறது. இந்த இழுபறியே விரலின் அகலத்தை முடிவு செய்கிறது. ஓட்டம் வரும் பக்கத்துக் கட்டத்தின் மதிப்பை வைத்துக் கணக்கிடும் முதல்படி அப்விண்ட் முறையைப் பயன்படுத்தினால், அது கட்ட நீளத்தில் ஏறத்தாழப் பாதியளவு செயற்கை விரவலைத் தன் பங்குக்குச் சேர்த்துவிடும். 1 மீட்டர் கட்டத்தில் அது அரை மீட்டர். ஆய்வகத்துப் பாறைத் துண்டுகளில் உண்மையான விரவல் நீளம் மில்லிமீட்டர் கணக்கில்தான் வரும் என்பதால், உங்கள் விரல்களின் அகலத்தை வகுத்தது பாறையன்று, கட்டமே. செயற்கை விரவல் குறைந்த இரண்டாம்படி முறைக்கு மாறி, விரவலின் மதிப்பை நீங்களே கொடுத்து, அதைவிடக் கட்டம் சிறிதாகும்வரை நுணுக்கிப் பாருங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் விரல்கள் எதிலிருந்து முளைத்தன என்பதையும் கவனியுங்கள். ஊடுருவுதிறன் (பாறை தன்னூடே பாய்மத்தை விடும் அளவு) எங்கும் சீராக இருந்தால் கணினியில் முகப்பு நேராகவே நகரும் என்பதால், 1962-இலேயே ஆய்வாளர்கள் பீஸ்மனும் ராக்ஃபர்டும் அதில் சிறு தற்செயல் ஏற்ற இறக்கங்களைப் புகுத்தினார்கள். நீங்கள் அதைக் கட்டத்துக்கு ஓர் எண்ணாகக் கொடுத்தீர்களா, மீட்டரில் மாறாத ஒட்டுறவு நீளத்துடன் (அருகருகே மதிப்புகள் ஒத்திருக்கும் தொலைவு) கொடுத்தீர்களா? முதலாவதென்றால், கட்டத்தை நுணுக்கும்போதெல்லாம் பாறையே வேறாகிவிடுகிறது. (இந்தப் பிழையில் நான் இரண்டு மாதம் தொலைத்திருக்கிறேன்.)

கேட்டவர்:
கட்டத்துக்கு ஓர் எண்தான் கொடுத்தேன், ஐயா, திருத்துகிறேன். ஆனால் மில்லிமீட்டர் விரவலுக்கு ஏற்ற கட்டத்தில் ஓர் எண்ணெய்க் களம் முழுவதையும் கணக்கிட இயலாதே?

பதில் 3:
இயலாது. அதனால்தான் விரல்களை வரையாமல் அவற்றின் சராசரி விளைவைக் கணக்கிடும் மாதிரிகள் வந்தன. 1963-இல் கோவல் தந்த சூத்திரப்படி, பாகுநிலை விகிதத்தின் நான்காம் மூலத்தை 0.22-ஆல் பெருக்கி, 0.78-ஐக் கூட்டி, நான்காம் அடுக்குக்கு உயர்த்த வேண்டும். உங்கள் விகிதம் 20 என்பதால் விடை 2.4. வாயுவின் முனை சராசரியைவிட இத்தனை மடங்கு விரைகிறது, அதாவது சீரான பாறையில், துளைக் கனவளவில் (பாறைத் துளைகளின் மொத்தக் கொள்ளளவில்) 2.4-இல் ஒரு பங்கு, சுமார் 42 சதவீதம் செலுத்திய உடனேயே வாயு உற்பத்திக் கிணற்றை எட்டிவிடும். 1972-இல் டாடும் லாங்ஸ்டாஃபும் அமைத்த மாதிரியில் கலப்பளவைக் குறிக்கும் ஓர் எண் உண்டு. ஆய்வகத்துக்கு மூன்றில் இரண்டு, களத்துக்கு மூன்றில் ஒன்று என அவர்கள் பரிந்துரைத்தார்கள். என் பார்வையில் அது இயற்பியல் மாறிலி அன்று, பொருத்திப் பார்த்துக்கொள்ளும் திருகு. அதே 1972-இல் வாயு செலுத்தத் தொடங்கிய டெக்சாஸின் சாக்ராக் போன்ற களங்களில், அடுக்குக்கு அடுக்கு மாறும் ஊடுருவுதிறனே பெரும்பாலும் வாயுவின் வழியை வகுத்துவிடுகிறது. வாயுவின் வேகத்தை மட்டுப்படுத்த இடையிடையே நீரையும் செலுத்துகிறார்கள். ஆகவே உங்கள் நுண்கட்ட ஓட்டத்தைக் கோவலுடன் ஒப்பிடும்போது விரல்களை எண்ணாதீர்கள். வாயுவின் குறுக்குவெட்டுச் சராசரிச் செறிவையும் வாயு கிணற்றை எட்டும் நேரத்தையும் ஒப்பிடுங்கள்.